கல்லுக்கு மேலே ஒரு சாண்

அன்பு மருமகன் வுக்சானுக்கு,

மலைக்காற்று படாத ஊரில் இருந்தாலும் உன் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தி, மிலிசாவ் மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நலம் என்று எழுதுவதுதான் மரியாதை என்பதால் அதை முதலில் எழுதிவிட்டேன். உன் அம்மா மிலேவா ஆடுகளை ஓட்டிக்கொண்டு கோடை மேய்ச்சலுக்கு மேலே கதூன் குடிசைக்குப் போய்விட்டாள். அவளுடைய ரத்த அழுத்தம் பரவாயில்லை. உன் கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் ஏறுகிறது. உன் அத்தை யாக்லிக்காவுக்குக் குளிர்காலத்தில் இடுப்பில் அறுவை நடந்தது உனக்குத் தெரியும். இப்போது சமதரையில் கைத்தடியோடு நன்றாக நடக்கிறாள். நம் ஊரில் சமதரை என்பது அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும்தான்.

நீ ஷ்டுட்கார்ட்டிலிருந்து அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. போனில், "மாமா, எல்லாம் பொருந்துச்சா?" என்று கேட்டாய். "கச்சிதம்" என்றேன். அதோடு லைன் போய்விட்டது. போகாமல் இருந்திருந்தாலும் அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லியிருக்கப் போவதில்லை. அக்கறையாய்ச் செய்த பிள்ளைக்கு விவரம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். இதைப் புகார் என்று எடுத்துக்கொள்ளாதே. தங்கை மகன் அன்போடு அனுப்பிய பொருளைக் குறை சொல்கிறவன் லாக்கிச் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை. வண்டியை உயர்த்துவதற்கு நீ அனுப்பிய சாமான் நல்ல சாமான். நம் வண்டிதான் அதற்குச் சரியாக அமையவில்லை. வண்டி எந்த வருஷத்தது என்று நீ கேட்டபோது நான் அதை வாங்கிய வருஷத்தைச் சொன்னேன். அது பிறந்த வருஷம் எனக்கு எப்படித் தெரியும்? பிறந்தபோது நான் பக்கத்தில் இல்லை.

வண்டியை ஏன் உயர்த்த வேண்டி வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஜெர்மனியில் இருப்பவர்கள் எதற்கெடுத்தாலும் காரணம் கேட்கிறார்கள். பனி உருகியபோது கதூனுக்குப் போகிற பாதையில் ஒரு கல் உருண்டு வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. படுத்திருக்கும் கிடா அளவு இருக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், சுற்றிப் போக வழியில்லை. சக்கரங்கள் இரண்டு பக்கமும் தாண்டிவிடுகின்றன, வண்டியின் வயிறுதான் இடிக்கிறது. கல்லை எடுத்துப் போட வேண்டியதுதானே என்று நீ கேட்பாய், அங்கே போய் அப்படித்தான் ஆகிவிட்டாய். கல் வந்தது ஸ்தாமதோவிச்காரர்களின் சரிவிலிருந்து. கிடப்பது நம் லாக்கிச் குடும்பத்துப் பாதையில். உங்கள் கல், நீங்கள் எடுங்கள் என்கிறோம் நாம். உங்கள் இடத்தில் கிடப்பது உங்கள் கல் என்கிறார்கள் அவர்கள். முதலில் கை வைக்கிறவன் கல் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டவன் ஆகிறான். ஒருமுறை ஒப்புக்கொண்டால் அந்த மலையிலிருந்து இனி விழுகிற ஒவ்வொரு கல்லும் அவன் தலையில்தான். ஆகவே இரண்டு குடும்பமும் கௌரவமாக வண்டிகளைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து போகிறது. கூரியர்காரன் ஒருவன் கல்லைத் தொடப் போனான், இரண்டு பக்கமும் சேர்ந்து அவனைத் தடுத்துவிட்டோம்.

எல்லோரும் நடக்கலாம், யாக்லிக்கா நடக்க முடியாது. குதிரை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் ஒரு கோடையும் கீழே இருந்ததில்லை. இந்த வருஷம் மேலே போகாவிட்டால் அவளுடைய அக்கா வித்தோசாவா வீட்டுக்குப் போத்கோரிட்சா போக வேண்டும். அது மாடி வீடு. அங்கே ஜூலையில் கோழி அடைகாக்க வேண்டியதில்லை, முட்டை தானே பொரிந்துவிடும். வித்தோசாவா பேச ஆரம்பித்தால் வெயிலே பரவாயில்லை என்று இருக்கும். அதோடு உன் அம்மா பாலைக் காய்ச்சி உறைய வைத்து எடுக்கிற கைமாக்கை யாக்லிக்கா கைமாக் என்று ஒத்துக்கொள்வதில்லை. வெறும் பால் ஏடு என்கிறாள். இதை உன் அம்மாவிடம் சொல்லாதே. ஒருநாள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே, "இந்த வருஷம் மேல போகலன்னா, அடுத்த வருஷம் போகணும்னு எனக்கே தோணாமப் போயிடுமோன்னு பயமா இருக்குங்க" என்றாள். அவள் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஓநாய் வந்த வருஷம்கூடச் சொல்லவில்லை. மறுநாள்தான் உனக்குப் போன் செய்தேன்.

பெட்டி வந்ததும் கூம் ஓப்ரென் வந்துவிட்டார். கூம் என்றால் என்ன என்பது அங்கே மறந்துபோயிருக்கும். கல்யாணத்தில் நம் தோளோடு நின்றவர், நம் பிள்ளைக்குப் பெயர் வைத்தவர். கூடப்பிறந்தவனோடு அடித்துக்கொள்ளலாம், பிறகு சேர்ந்துகொள்ளலாம். கூமோடு சண்டை போட்டால் செத்த பிறகும் பதில் சொல்ல வேண்டும். ஓப்ரெனும் நானும் சின்ன வயதில் வாடா போடா என்று இருந்தவர்கள். அவர் எனக்குக் கூமாக நின்ற நாளிலிருந்து நீங்க, வாங்கதான். இப்போது ஒரு சிக்கல். ஓப்ரென், ஸ்தாமதோவிச் குடும்பம். கல் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் கிடக்கிறது. பேசினால் சண்டை வரும், சண்டை கூடாது, ஆகவே பனி உருகியதிலிருந்து நாங்கள் இருவரும் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசினோம், கல்லைத் தவிர. சேர்ந்து மலை ஏறும்போது அந்த இடம் வந்ததும் நான் ஒரு பக்கமாகவும் அவர் ஒரு பக்கமாகவும் தாண்டி, மறுபடி சேர்ந்து, மழை வருமா என்று பேசிக்கொள்வோம்.

"கூமே, வண்டி வயிறு இடிக்குதாமே?" என்றார்.

"ஆமா கூமே. பாதை நடுவுல கொஞ்சம் மேடு."

"மேடுன்னா வேற வழியில்ல. வண்டியத்தான் உசத்தணும்."

அவர் பாக்சைட் சுரங்கத்தில் பெரிய லாரிகளைப் பழுது பார்த்தவர். அந்த லாரிகளின் சக்கரமே ஆளை விட உயரம். அதற்குக் கீழ்ப்பட்டதெல்லாம் அவருக்குப் பொம்மை. முதலில் காப்பி குடித்தோம், பிறகு கை நடுங்காமல் இருக்க ரக்கியா சாராயம் குடித்தோம், பிறகு பெட்டியைப் பிரித்துச் சாமான்களைத் தார்ப்பாயில் பரப்பினோம். ஸ்பிரிங்கைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். தாங்கியின் துளைகளைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தாங்கியின் துளைக்கும் வண்டியின் துளைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது, நான் வானிலை நிலையத்தில் மேகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஸ்பிரிங்கைத் துணியால் துடைத்து வைத்துவிட்டு ஓப்ரென், "நல்ல சாமான்" என்றார். என் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு என் தங்கை மகன் அனுப்பியதை அவர் வேறென்ன சொல்ல முடியும்? "நல்ல சாமான்தான் கூமே" என்றேன். கூமின் வாய்ச் சொல்லை நான் எப்படி மறுப்பது? அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, வேலை ஆரம்பமானது.

பழைய ஸ்பிரிங் மரியாதையாக வெளியே வந்தது. புதியது அது நிற்க வேண்டிய இடத்தைவிட ஒரு முழம் உயரமாக இருந்தது. அதைச் சங்கிலியால் இறுக்கி, சங்கிலியைப் பிளம் மரத்தில் கட்டி, இடத்துக்குள் தள்ளுவதற்கு நான் கடப்பாரையைக் கொண்டுவரத் திரும்பியபோது சங்கிலி நழுவிவிட்டது. ஸ்பிரிங் என் தொப்பியைத் தட்டிக்கொண்டு வேலியைத் தாண்டிக் கோழிக்கூட்டின் கூரை மேல் போய் இறங்கியது. அன்றிலிருந்து கோழிகள் முட்டையிடுவதில்லை. ஓப்ரென் அது போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தூக்குற சக்தி நல்லா இருக்கு" என்றார். இரண்டாம் முறை உள்ளே போய் உட்கார்ந்தது. ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட், துளையைவிடத் தடிமன். துளையைப் பெரிதாக்கினோம். இப்போது துளை, போல்ட்டைவிடப் பெரிதாகிவிட்டது. மீன் டப்பாவை வெட்டி அந்தத் தகட்டைச் சுற்றி இறுக்கினோம். மேலே ரப்பர் புஷ் அகலம், அது நுழைய வேண்டிய இரும்புக் காது குறுகல், காதைக் கடப்பாரையால் நெம்பி விரித்தோம். நெம்பியதில் விரிந்தது அந்தக் காது மட்டுமல்ல என்பது பிறகு கதவைச் சாத்தும்போது தெரிந்தது. பின்பக்கத் தாங்கிகள் இரண்டில் ஒன்று இடது பக்கத்துக்கு. மற்றொன்றும் இடது பக்கத்துக்கு. ஓப்ரென் அதைத் திருப்பினார், புரட்டினார், கடைசியில் தலைகீழாக வைத்துச் சம்மட்டியால் நாலு போடு போட்டார். அது வலது பக்கத் தாங்கியாக ஆகிவிட்டது.

யாக்லிக்கா ஜன்னலில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொருந்தலன்னா திருப்பி அனுப்பிடலாமே?" என்றாள்.

நாங்கள் இருவரும் அவளைப் பார்க்கவில்லை. "பொருந்தாதது ஒண்ணும் இல்ல தங்கச்சி," என்றார் ஓப்ரென். "வண்டிக்கு இன்னும் பழகல."

"வண்டி பழகுறதுக்குள்ள கோடை போயிடும் அண்ணே."

அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகு ரக்கியாவை நிறுத்திவிட்டு வேலை செய்தோம். ஜாக்கியை இறக்கியதும் வண்டி கம்பீரமாக நின்றது, கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்து. "சாயுதே கூமே" என்றேன். அது கேள்விதான், குறை அல்ல. ஓப்ரென் யோசித்தார். "மலைப்பாதை வலப்பக்கம் சரிவு. மேல போறப்ப எல்லாம் நேரா ஆயிடும்." "இறங்கறப்ப?" "இறங்கறப்ப ரிவர்ஸ்ல வாங்க." இதில் தவறு கண்டுபிடிக்க நான் மிகவும் முயன்றேன், முடியவில்லை. வண்டி உயர்ந்ததில் ஹேண்ட் பிரேக் கம்பி குட்டையாகிவிட்டது, ஆகவே யாரும் இழுக்காமலே பிரேக் பாதி பிடித்தபடி இருக்கிறது. திருட்டுப் பயம் இல்லை என்றார் ஓப்ரென். நிறுத்துகிற பிரேக்கின் ரப்பர் குழாயும் விறைத்துக்கொண்டு நின்றது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை, நிக்ஷிச்சுக்குப் போய் நீளமான குழாய் வாங்கி வந்தேன். கூமிடம், ஊருக்குப் போனேன், கண்ணில் பட்டது, அழகாக இருந்தது, வாங்கினேன் என்று சொன்னேன். "அழகாத்தான் இருக்கு" என்று வாங்கி மாட்டினார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தேன், ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு உயரம் பார்த்தோம். ஓப்ரென் பால் வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு செங்கல்லும், செங்கல் மேல் ஒரு பலகையும் வைத்து, "மேடு இவ்வளவு இருக்கும்" என்றார். "பலகை வேணாம், செங்கல்லு மட்டும் போதும்" என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் அவரைக் கேட்கவில்லை. வண்டியை அதன் மேல் ஓட்டினேன். செங்கல்லுக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. ஓப்ரென் தரையில் படுத்துக் கையை விரித்து வைத்துக் காட்டினார். எழுந்து வந்ததும் கட்டிப்பிடித்து மூன்று முறை முத்தமிட்டுக்கொண்டோம். என் கண் கலங்கியது. யாக்லிக்காவை மேலே கொண்டுபோய்விடலாம் என்று நான் உண்மையில் நம்பியது அப்போதுதான்.

அவளைக் கூப்பிட்டோம். தலைக்குட்டையைச் சரிசெய்துகொண்டு, கைத்தடியோடு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காருகிற இடம் அவள் மார்பளவுக்கு இருந்தது.

"நான் என்ன கோழியா, பறந்து ஏற?" என்றாள்.

வுக்சான், பாதையின் மேட்டை அளந்தோம், வண்டியின் வயிற்றை அளந்தோம், உன் அத்தையின் இடுப்பை அளக்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. பால் கறக்கிற முக்காலியைப் போட்டோம், அது ஆடியது. வைக்கோல் கட்டைப் போட்டோம், அது அமுங்கியது. அவளை நாற்காலியில் உட்கார வைத்து ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம், "சவப்பெட்டியத்தான் இப்படித் தூக்குவாங்க, இறக்குங்க" என்றாள். பிறகு உள்ளே போய், வித்தோசாவா வீட்டுக்கு எடுத்துப் போகிற பையில் துணியை மடித்து வைக்க ஆரம்பித்தாள். நான் வாசலில் நின்றேன். எத்தனையோ வருஷம் மற்றவர்களுக்கு மழை வரும், வராது என்று சொன்னவன் நான். அன்றைக்கு என் வீட்டுக்குள் என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

வழி கண்டுபிடித்தவர் ஓப்ரென்தான். ஆடுகளை லாரியில் ஏற்றுகிற சாய்வுப் பலகையைக் கொண்டுவந்து வண்டியின் பின்கதவில் சார்த்தினார், கழுவித்தான் கொண்டுவந்தார். யாக்லிக்கா அதை மேலும் கீழும் பார்த்தாள். "ஆட்ட ஏத்தறப்ப உப்பாவது காட்டுவீங்க" என்றாள். ஆனால் ஏறினாள். ஒரு கையில் தடி, ஒரு கை என் தோளில், மெதுவாக ஏறிப் பின்னால் பாலாடைக்கட்டிப் பீப்பாய்க்கும் படுக்கை மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து, "நாளைக்குக் காலையிலேயே கெளம்பணும், நான் மனசு மாறறதுக்குள்ள" என்றாள்.

ஆக, நாளைக் காலை போகிறோம். எல்லாம் கச்சிதம் என்று நான் போனில் சொன்னது வெறும் வார்த்தை அல்ல என்பது இப்போது உனக்கு விளங்கியிருக்கும். உனக்குச் சிரமம் இல்லாவிட்டால், அந்தக் கடைப் பக்கம் போகும்போது வலது பக்கத் தாங்கி என்று ஒன்று உலகத்தில் உண்டா என்று மட்டும் கேட்டுப் பார். அவசரம் இல்லை. பெட்ரோவ்தான் பண்டிகைக்கு நீ கட்டாயம் வர வேண்டும், நானே இந்த வண்டியில் உன்னை மேலே கூட்டிப் போகிறேன். உன் அறையில் கணப்பு ஒழுங்காக எரியட்டும், உன் முதலாளிக்கு நல்ல புத்தி வரட்டும், உனக்கு நம் பேச்சு பேசுகிற பெண் கிடைக்கட்டும், இல்லாவிட்டால் ஆட்டுக்குப் பயப்படாத பெண்ணாவது கிடைக்கட்டும். ஓப்ரென் உனக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார், சாமான் நல்ல சாமான் என்று இன்னொரு தடவை எழுதச் சொன்னார்.

உன் நலம் நாடும் மாமா,
மிலிசாவ் லாக்கிச்

பி.கு. உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. மேலே உள்ளதை எழுதாததாக வைத்துக்கொள். காலையில் கிளம்பினோம். மேட்டுக்கு முன்னால் பாதை கொஞ்சம் அகலமாக இருக்கிற இடத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினேன், ஓப்ரென் இறங்கிக் குனிந்து கடைசியாக ஒருமுறை உயரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஒரு வாடகைக் கார் வந்தது, தீப்பெட்டி மாதிரி, தரையோடு தரையாக. அதில் ஒரு போலந்துக்காரத் தம்பதி, மேலே ஏரி பார்க்கப் போகிறவர்கள். அந்த அம்மாள் இறங்கி வந்து கல்லைப் பார்த்தாள். அவர்கள் பேச்சு நம் பேச்சுக்குத் தூரத்துச் சொந்தம், சைகையோடு சேர்த்தால் புரிகிறது. இது யாருக்காவது சொந்தமா என்று கேட்டாள். ஓப்ரென் வானத்தைப் பார்த்தார். நான் என் செருப்பின் வாரை அவிழ்த்துக் கட்டினேன். யாருடையதும் இல்லை போலிருக்கிறது என்று அவள் புருஷனைக் கூப்பிட்டாள். அவன் பாறையில் சாய்ந்து கிடந்த கழியை எடுத்து அடியில் கொடுத்து நெம்பினான், அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கல் பள்ளத்துக்குள் போய்விட்டது. போய்க்கொண்டே இருக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அவர்கள் கையைத் தட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பின்னாலிருந்து யாக்லிக்கா, "என்னைய இறக்கி விடுங்க" என்றாள். பலகையைப் போட்டோம். இறங்கி, தடியை ஊன்றிக்கொண்டு நேரே அந்தச் சின்னக் காருக்குப் போனாள். அவன் முன்கதவைத் திறந்துவிட்டான். அடுப்படி நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, பாவாடையை உள்ளே இழுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள். போய்விட்டார்கள். பின்னாலேயே போகலாம் என்று வண்டியை எடுத்தேன், ஹேண்ட் பிரேக் முழுதாகப் பிடித்துக்கொண்டது.

நாங்கள் இருவரும் கல் இருந்த இடத்தில் உட்கார்ந்தோம். ஓப்ரென் முதல்முறையாக அதைப் பற்றிப் பேசினார். "எங்க அப்பா காலத்துலேருந்து மேல நின்ன கல்லு" என்றார். "எங்க பாதையிலதான் இத்தன நாள் கெடந்துது கூமே" என்றேன். செய்தி ஊருக்குள் போய்விட்டது. இப்போது கல் தங்களுடையது என்று இரண்டு குடும்பமும் கயிற்றோடு பள்ளத்தில் இறங்கித் தேடிக்கொண்டிருக்கிறது. நீ வலது பக்கத் தாங்கி எதுவும் அனுப்ப வேண்டாம். வண்டியைத் தாழ்த்தும் சாமான் என்று ஒன்று அங்கே விற்றால் அதையும் அனுப்ப வேண்டாம்.

சாயங்காலம் அந்தப் போலந்துக்காரர்கள் திரும்பி வரும்போது நாங்கள் அங்கேயேதான் இருந்தோம். யாக்லிக்கா கொடுத்தனுப்பிய கிண்ணத்தில் கைமாக் இருந்தது, அவள் கையால் எடுத்தது. ஒரு வாய் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஓப்ரெனுக்கு எதிரிலேயே அழுதுவிட்டேன். கிண்ணத்தோடு ஒரு சீட்டு, உன் அம்மா எழுத்து, உன் அத்தை பேச்சு: "ரெண்டு பேரும் நடந்தே வாங்க. அந்த வண்டிய மட்டும் எடுத்துட்டு வராதீங்க, ஆடு மெரளும்."